பால்குடி வயதும் பதினைந்து வயதும்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கதிரையை விட்டு எழும்பிய பிறகு, ஒரு தாயோ தகப்பனோ கதவடியில் நின்று, "டீச்சர், சின்னக் கதை ஒன்று இருக்கு" என்று தொடங்குவார்கள். கூட்டத்தில் மைக் பிடித்துக் கேட்ட கேள்வியை விட அந்தச் சின்னக் கதைதான் பெரிதாக இருக்கும். வாகரைப் பக்கமானாலும் சரி, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கமானாலும் சரி, கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "சின்னதில் இப்படி இல்லையே, இப்ப ஏன் இப்படி?" இதைப் பற்றி உளவியலாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை, கதவடியில் கேட்ட கேள்விகளை வைத்தே எழுதுகிறேன். பிள்ளைகளின் கதைகளில் அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

கட்டிளமைப் பருவம் என்று எந்த வயதைச் சொல்கிறீர்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது வரை. மூளையில் உணர்ச்சியையும் ஆசையையும் கிளப்பும் பகுதிகள் இந்த வயதில் முந்திக்கொள்கின்றன. நின்று யோசிக்க வைக்கும் நெற்றிப்பக்க மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போன பொடியன் பத்து நிமிஷத்தில் வந்து "என்ன கறி?" என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவன் நடிக்கவில்லை.

ஒன்றரை வயதில் நடந்தது பிள்ளைக்கு ஞாபகமே இருக்காது. பிறகு அது எப்படிப் பதினைந்து வயதில் வந்து நிற்கும்?

ஞாபகம் இருக்காது, சரி. ஆனால் எதிர்பார்ப்பு இருக்கும். ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார். போரில் தாயைப் பிரிந்த, வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1969 முதல், பிள்ளைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையில் உண்டாகும் பிணைப்பு பற்றிய தன் கோட்பாட்டை மூன்று பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்.

அவர் சொன்னதை எங்கள் வீட்டு மொழியில் சொல்கிறேன். ஏணையில் கிடக்கிற பிள்ளை அழுகிறது. யாரோ வருகிறார்கள், தூக்குகிறார்கள், முதுகைத் தட்டுகிறார்கள். இது ஒரு நாளைக்கு இருபது தரம், ஒரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான தரம் நடக்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளை இரண்டு விஷயங்களைப் படித்துவிடுகிறது. கூப்பிட்டால் ஆள் வரும் என்பது ஒன்று. வந்து பார்க்க வேண்டிய அளவுக்கு நான் பெறுமதியான ஆள் என்பது மற்றது. கூப்பிட்டும் யாரும் வராத பிள்ளை, அல்லது ஒரு நாள் அணைப்பும் மறுநாள் அடியும் கிடைக்கிற பிள்ளை, வேறு பாடம் படிக்கிறது. மனதுக்குள் பதிந்த இந்த மாதிரியைத்தான் அது பிறகு கூட்டாளியிடமும் ஆசிரியரிடமும் காதலிடமும் கொண்டுபோகிறது.

போல்பியோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வேர்த் இதை ஒரு அறைக்குள் வைத்தே பார்த்தார். ஒரு வயதுப் பிள்ளை, தாய், சில விளையாட்டுச் சாமான். தாய் சில நிமிஷம் வெளியே போய்த் திரும்பி வருவாள். போகும்போது பிள்ளை அழுததா என்பதை விட, வந்ததும் என்ன செய்தது என்பதைத்தான் அவர் கூர்ந்து கவனித்தார். சில பிள்ளைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, ஆறி, திரும்பவும் விளையாடப் போயின. சில பிள்ளைகள் தாயைப் பார்க்காததுபோல் பொம்மையோடு இருந்தன. இன்னும் சில ஒட்டிக்கொண்டே உதைத்தன, ஆறவே இல்லை.

பதினைந்து வயதிலும் இவற்றின் சாயல் தெரியும். தவணைப் பரீட்சையில் கணக்கு பிழைத்துவிட்டது என்று வைப்போம். ஒருத்தி இரண்டு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இரவு தாயிடம் வந்து சொல்வாள். இன்னொருத்தி "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே உள்ளே பூட்டிக்கொள்வாள். மூன்றாமவள் சண்டை பிடித்து, அழுது, "உங்களுக்கு என்னில் விருப்பமில்லை" என்று ஒரு கிழமை இழுப்பாள்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை அழும் என்று பயந்து, விளையாட்டுக் காட்டிவிட்டுப் பின்பக்கத்தால் ஒளித்துப் போகிறோமே, அதைத் தயவுசெய்து விடுங்கள். அழட்டும். "அம்மா போயிட்டு பின்னேரம் வருவன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சொன்னபடி வாருங்கள். ஒளித்துப் போனால் எந்த நிமிஷமும் அம்மா காணாமல் போகலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

நான் குவைத்தில் ஆறு வருஷம் இருந்தேன். மகளை அம்மம்மாதான் வளர்த்தா. இப்ப அவளுக்கு பதினாலு. என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாளில்லை. நான் போனதுதான் பிழையா?

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் இரண்டிலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். தமிழ்த் தாய்மாரும் கேட்கிறார்கள், முஸ்லிம் உம்மாமாரும் கேட்கிறார்கள். கேட்கும்போது எல்லாரும் சேலைத் தலைப்பையோ முந்தானையையோ கையில் சுருட்டிக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

கடனும் கூரையும் உங்களைப் போகவைத்தன. அதற்காக உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. போல்பி முதலில் எழுதியபோது தாய் ஒருத்திதான் எல்லாம் என்பதுபோலத்தான் தொனித்தது. ஆனால் 1964 இல் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஷாஃபரும் எமர்சனும், 18 மாதமாகும்போது பெரும்பாலான பிள்ளைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைந்திருந்ததைக் கண்டார்கள். தகப்பன், பாட்டி, மூத்த சகோதரம் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். எங்கள் கரையில் இது புதினமில்லை. தமிழரிலும் முஸ்லிம்களிலும் பெண்பிள்ளைக்கு வீடு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவது என்ற வழக்கம் இருப்பதால், பிள்ளை தாயின் தாயோடும் தாயின் சகோதரிகளோடும் ஒரே வளவில்தான் வளர்கிறது. நீங்கள் விமானம் ஏறிய நாளில் அவளைத் தூக்கிய கை அவளுக்குத் தெரிந்த கை. இது பெரிய பாக்கியம்.

நோவு வேறு இடங்களிலிருந்து வருகிறது. சொல்லாமல் போயிருந்தால் நோகும். ஆறு மாதம் அம்மம்மா, ஆறு மாதம் சின்னம்மா, பிறகு விடுதி என்று கை மாறிக்கொண்டே இருந்தால் இன்னும் நோகும். மூன்றாவதை யாருமே கவனிப்பதில்லை. தாய் திரும்பி வந்து பிள்ளையை உடனே தன் பக்கம் இழுத்தால், பிள்ளைக்கு அது இரண்டாவது பிரிவு. இந்த முறை பிரிகிறது அம்மம்மாவை.

ஆஸ்பத்திரியில் தனியாகத் தங்கவைக்கப்பட்ட சின்னப் பிள்ளைகளைப் பார்த்த ஜேம்ஸ் ரொபேட்சனும் போல்பியும் மூன்று படிகளைக் கண்டார்கள். முதலில் அழுது எதிர்ப்பது, பிறகு சோர்ந்துபோவது, அதற்குப் பிறகு ஒட்டாமல் விலகிப்போவது. நீங்கள் காணும் "முகம் கொடுக்காமை" அந்த மூன்றாவதற்குப் பக்கத்துச் சொந்தம். அது வெறுப்பு என்று நினைக்காதீர்கள். இன்னொரு தரம் நோகக் கூடாது என்று அவள் போட்டுக்கொண்ட வேலி அது.

நான் கிட்ட இருந்து பார்த்த ஒரு வீடு. தாய் காசு அனுப்பிக் கட்டிய புது வீட்டில் மகளுக்கென்று தனி அறை, மாபிள் தரை, கண்ணாடி வைத்த அலுமாரி. மகள் இரவானதும் எழும்பி, அதே வளவில் இருந்த பழைய குசினிக்குப் போய் அம்மம்மாவின் பாயில் படுத்துவிடுவாள். தாய்க்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. "அங்கேயே படுக்கட்டும். நீங்களும் பின்னேரத்தில் அங்கே போய் இருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள், தலையை மட்டும் இழுத்துக் கட்டிவிடுங்கள்" என்று சொன்னோம். எட்டு மாதம்போல் சென்றிருக்கும். தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வேண்டும். எப்போதும் அம்மம்மா பெருவிரல் வைத்த இடத்தை அவள் தாயிடம் நீட்டி, "இதில வைங்க" என்றாளாம். தாய் அதை என்னிடம் சொன்னபோது, எந்தப் பேனையால் வைத்தேன் என்பது வரை சொன்னா.

2013 இல் அரசாங்கம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாரை வீட்டுப் பணிக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. பின்னாளில் அது தளர்த்தப்பட்டது. இனிப் போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், ஒரே கையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள், ஃபோன் எடுக்கும் நேரத்தைச் சொன்னபடி காப்பாற்றுங்கள்.

ஆறு வயதில் அழாதவள் பதினாலு வயதில் ஏன் "என்னை விட்டுட்டுப் போனீங்க" என்கிறாள்?

ஆறு வயதில் அவளால் அதை இப்படி நினைக்க ஏலாது. சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே சொன்னபடி, ஏறக்குறைய 11, 12 வயதில்தான் பிள்ளை கண்ணால் காணாததையும், நடக்காமல் போனதையும் ஒழுங்காக யோசிக்கத் தொடங்குகிறது. "அம்மா போகாமல் இருந்திருந்தால்?" என்ற கேள்வி அப்போதுதான் மூளைக்குள் நிற்கும். சம்பவம் பழசு, விளக்கம் புதுசு. கேட்கிறாளே என்று நிம்மதிப்படுங்கள், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

எரிக்சனின் எட்டுக் கட்டங்களைப் பயிற்சியில் பாடமாக்கினோம். பிள்ளை வளர்ப்பில் அதற்கு என்ன வேலை?

ஒரு முன்பள்ளி ஆசிரியை கேட்டது. எரிக் எரிக்சன் 1902 இல் ஜெர்மனியில் பிறந்தவர். தன்னைப் பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அமெரிக்கக் குடியுரிமை எடுத்தபோது எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். "நான் யார்?" என்ற கேள்வியைக் கட்டிளமைப் பருவத்தின் நடுவில் வைத்தவர் இப்படிப்பட்ட ஒருவர் என்பது எனக்கு எப்போதும் மனதைத் தொடும்.

அவர் 1950 இல் முன்வைத்ததன்படி ஒவ்வொரு வயதிலும் ஒரு இழுபறி இருக்கிறது. முதல் வருஷத்தில் நம்பிக்கையா அவநம்பிக்கையா. நடை பழகும் வயதில் தன்னால் முடியுமா, வெட்கமா. முன்பள்ளி வயதில் முன்னின்று செய்வதா, குற்ற உணர்வா. பாடசாலை வயதில் உழைத்துச் செய்யும் திறனா, தாழ்வு மனப்பான்மையா. அதற்குப் பிறகு அடையாளமா, குழப்பமா. முந்தின இழுபறியில் கிடைத்தது அடுத்ததற்கு முதலாகிறது. முதல் குறைவாக இருந்தால் வியாபாரம் கஷ்டம், ஆனால் நடக்காது என்றில்லை.

எங்களுக்கு நான்காவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். அந்த வயதில்தான் நாங்கள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைக் கொண்டுவந்து வைக்கிறோம். விடிய நாலு மணிக்கு எழுப்பி, பாடசாலைக்கு முன் ஒரு வகுப்பு, பின் ஒரு வகுப்பு. பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையின் படம் சந்தியில் பதாகையாகத் தொங்கும். இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழேதான் தினமும் சைக்கிளில் போய் வர வேண்டும். பத்து வயதில் "நான் ஏலாதவன்" என்று முடிவெடுத்த பிள்ளையைப் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். அல்பேர்ட் பண்டூரா 1977 இல் எழுதிய விஷயமும் இதுதான். என்னால் முடியும் என்ற நம்பிக்கை முக்கியமாகத் தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்திலிருந்து வருகிறது. புத்திமதியால் வருவது கொஞ்சம்தான். ஆகவே பரீட்சை எழுதட்டும். ஆனால் அந்த வருஷம் முழுக்க அவன் செய்து முடிக்கும் வேறு ஒரு வேலையும் இருக்கட்டும். கோழிக்கூடு கட்டுவதாக இருந்தாலும் சரி.

மகன் 2010 இல் பிறந்தவன். ஷெல் சத்தமே கேட்டதில்லை. அவனுக்கும் யுத்தத்துக்கும் என்ன தொடர்பு?

அவன் கேட்டதில்லை, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இன்று நாற்பது வயதான ஒரு தகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இன் கொலைகளும் காணாமல் போதலும் நடந்தபோது அவருக்கு ஐந்து வயது இருக்கும். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது பத்தொன்பது. 2006, 2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் பெயர்ந்தபோது இருபத்தொன்று, இருபத்திரண்டு. அதற்குப் பிறகுதான் அவர் கல்யாணம் முடித்துத் தகப்பனானார். அவருடைய பிள்ளைப் பருவமும் சேர்ந்தே மகனை வளர்க்கிறது.

செல்மா ஃப்ரைபர்க் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் 1975 இல், பெற்றோரின் மறந்துபோன பழைய காலம் பேய்போல வந்து தொட்டிலருகே நிற்கிறது என்று எழுதினார். அதற்குப் பத்து வருஷத்துக்குப் பின் மேரி மெயினும் அவரோடு வேலை செய்தவர்களும் பெற்றோரிடமே அவர்களுடைய சின்ன வயதைக் கேட்டார்கள். கெட்டது நடந்ததா இல்லையா என்பதை விட, அதை எப்படிச் சொன்னார்கள் என்பதே அவர்களுடைய பிள்ளையின் பிணைப்போடு ஒத்துப்போனது. நடந்ததைக் கோவையாக, நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்லக்கூடிய பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். உளவியலில் நான் படித்தவற்றில் எங்கள் மண்ணுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறு இல்லை. நடந்ததை மாற்ற ஏலாது, சொல்லுகிற விதம் எங்கள் கையில் இருக்கிறது.

ஒரு வீட்டில் கதவுக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் ஒரு பை தொங்கும். உள்ளே அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, எல்லாம் இரண்டு பொலித்தீனில் சுற்றி. கடல் கொஞ்சம் கொந்தளித்தால் தகப்பன் எழும்பி அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பார். அவர் நாவலடிக் காரர். சுனாமிக்குப் பிறகு குடும்பம் திராய்மடுப் பக்கம் வந்தது. பதின்மூன்று வயது மகனுக்குப் பாசிக்குடாவுக்கு வகுப்புச் சுற்றுலா. தகப்பன் "ஏலாது" என்றார், காரணம் சொல்லவில்லை. மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா ஒரு சர்வாதிகாரி என்று என்னிடம் வந்து சொன்னான். தகப்பனைக் கூப்பிட்டுக் கதைத்தேன். அன்றிரவு அவர் மகனிடம் சொன்னது நாலே வசனம்: "எனக்கு ஒரு தம்பி இருந்தான். உன்னை மாதிரித்தான் இருப்பான். கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஓடினேன். கை விட்டுட்டு." மகன் சுற்றுலாவுக்குப் போனான். போய்ச் சேர்ந்ததும், மதியமும், திரும்பும்போதும் தகப்பனுக்கு ஃபோன் எடுத்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பழசைக் கிளறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது பிள்ளையைக் காப்பாற்றத்தான். ஆனால் பிள்ளை பையைப் பார்க்கிறது, உங்கள் கை நடுங்குவதையும் பார்க்கிறது. காரணம் தெரியாவிட்டால் தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும். எல்லா விவரமும் தேவையில்லை, வயதுக்கு ஏற்ற அளவு சொன்னால் போதும்.

அப்படியென்றால் யுத்தமும் சுனாமியும்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

இல்லை, இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். வடகிழக்கில் 296 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008 இல் வெளியானது. யுத்தமும் சுனாமியும் பாதித்திருந்தன. அவற்றோடு வீட்டுக்குள் நடந்த வன்முறையும் தனியாகத் தெரிந்தது. அந்த வன்முறையோடு தகப்பனின் குடி இணைந்திருந்தது. அடிமேல் அடி விழ விழப் பாதிப்பும் கூடியது. இரண்டாம் உலகப் போரில் இலண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டொரத்தி பேர்லிங்ஹமும், குண்டுச் சத்தத்தை விடத் தாயைப் பிரிந்ததே சின்னப் பிள்ளைகளைக் கூடுதலாக உலுப்பியதைக் கண்டார்கள். குண்டு விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிற முகம் அமைதியாக இருந்தால் பிள்ளை தாங்கும். பக்கத்தில் இருக்கிற முகமே பயமுறுத்தினால் பிள்ளை எங்கே போகும்?

எங்களையும் அடித்துத்தானே வளர்த்தார்கள். அடியாத மாடு படியாது என்பது சும்மாவா?

மாடு படியும். பிள்ளை படிக்க வேண்டும், அது வேறு. பண்டூரா 1961 இல் ஸ்டான்ஃபோர்டில் 72 சின்னப் பிள்ளைகளோடு செய்த பரிசோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த பிள்ளைகள் பிறகு அதே மாதிரி அடித்தார்கள், அதே சொற்களையும் சொன்னார்கள். அடியால் பிள்ளை படிப்பது அடிக்கத்தான். இன்னொன்றும் படிக்கிறது, ஒளிக்க. பதினைந்து வயதில் யாராவது ஃபோனில் படத்தை வைத்து மிரட்டினால், அடி வாங்கி வளர்ந்த பிள்ளை உங்களிடம் வந்து சொல்லாது. எனக்கு இதுதான் பெரிய பயம்.

டயானா பாம்ரிண்ட் 1960களிலிருந்து பெற்றோரின் போக்குகளைப் பிரித்துப் பார்த்தார். கண்டிப்பும் இருந்து, காரணம் சொல்லுதலும் அன்பும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் நன்றாக வந்தார்கள். கண்டிப்பு மட்டும் இருந்த வீடும், எல்லாவற்றையும் விட்டுவிட்ட வீடும் பின்தங்கின. ஆகவே கண்டிப்பை விடச் சொல்லவில்லை. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இலேயே வந்துவிட்டது, ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அது இன்னும் முழுதாக உறைக்கவில்லை.

இவன் என்னவாகப் போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

பயப்பட அவசரமில்லை. எரிக்சனைத் தொடர்ந்து ஜேம்ஸ் மார்சியா 1966 இல் நாலு நிலைகளைச் சொன்னார். இன்னும் தேடத் தொடங்காதவர்கள், தேடாமலே வீட்டார் சொன்னதை எடுத்துக்கொண்டவர்கள், தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடி ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்கள். "டொக்டர் ஆவேன்" என்று ஏழு வயதிலிருந்து சொல்லும் பிள்ளையைப் பார்த்து நாங்கள் நிம்மதிப்படுகிறோம். அந்தப் பிள்ளை இரண்டாவது நிலையில் இருக்கலாம். குழம்பித் திரிகிறவன் மூன்றாவதில் இருக்கலாம்.

தேடுவதற்கு ஒரு களம் வேண்டும். படுவான்கரையில் கூத்துப் பழகும் ஊர்களில் நான் அதைக் கண்டேன். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து வாயே திறக்காத ஒரு பொடியன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவனுக்குச் சட்டம் கொடுத்திருந்தார், அதாவது அவன் ஆட வேண்டிய பாத்திரத்தை. முதல் கிழமைகளில் அவரே முழு அடியையும் பாடுவார், மத்தளத்தையும் மெதுவாக்குவார். அவன் வால்பகுதியை மட்டும் பிடிப்பான். பிறகு அவர் பாதியில் நிறுத்தினார். கடைசியில் தாளக்கட்டை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அரங்கேற்ற இரவில் அவன் வட்டக்களரியில் தனியாக ஆடினான். தடுக்கினால் தூக்கிக்கொள்ளப் பிற்பாட்டுக்காரர் நின்றார்கள். வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர், பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் வளர்ச்சி நடக்கிறது என்றார். அவர் 1934 இல் 37 வயதில் இறந்துபோனார். எங்கள் அண்ணாவியார்கள் அந்த நடு இடத்தில்தான் இரவிரவாக வேலை செய்கிறார்கள்.

கூட்டாளிகளும் ஃபோனும்தான் கெடுக்கின்றன, இல்லையா?

கூட்டாளி இந்த வயதில் தேவை. எப்படிப்பட்ட கூட்டாளியைத் தேடுகிறான், "வேண்டாம்" என்று சொல்லத் துணிவிருக்கிறதா என்பதில்தான் சின்ன வயதுப் பிணைப்பு தெரியும். ஃபோனை இரவில் எல்லாரும் ஒரே மேசையில் வைத்துவிட்டுப் படுங்கள். நீங்களும்.

இவை எல்லாம் வெள்ளைக்காரர் எழுதியவை. எங்களுக்குப் பொருந்துமா?

நல்ல கேள்வி. எய்ன்ஸ்வேர்த் பிணைப்பை முதலில் அவதானித்தது உகண்டாவில், 26 குடும்பங்களின் வீடுகளில். ஆகவே எல்லாமே வெள்ளைக்காரர் வீட்டில் பிறந்ததில்லை. 1979 இல் புரோன்பென்பிரென்னர் என்ற உளவியலாளர் முன்வைத்த கோட்பாடும் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிள்ளையைச் சுற்றி வீடு, பாடசாலை, அயல், தாய் தகப்பனின் தொழில், நாட்டின் சட்டம் என்று வட்டத்துக்குள் வட்டம். டீசல் விலை ஏறினால் தோணி கடலுக்குப் போகாது, தகப்பன் வீட்டில் சினப்பார், பிள்ளை வகுப்பில் தூங்கும்.

பொருந்தாத இடமும் உண்டு. அடையாளம் என்பது ஆள் தானே தேடி எடுப்பது என்று எரிக்சனும் மார்சியாவும் நினைத்தார்கள். எங்கள் பெண்பிள்ளைக்குப் பெரியபிள்ளையான அன்றைக்கே அடையாளம் கையில் கொடுக்கப்படுகிறது. சாமர்த்தியச் சடங்கில் தங்கமும் புகைப்படமும் நிறைய, மறுநாளிலிருந்து சைக்கிளும் மைதானமும் குறைய. தேட வேண்டிய வயதில் தேடும் இடம் சுருங்குகிறது. இதை அந்தக் கோட்பாடுகள் போதுமான அளவு பேசவில்லை, நாங்கள்தான் பேச வேண்டும்.

சின்னதில் மோசமாக நடந்திருந்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லவே இல்லை. எமி வேர்னர் ஹவாயின் கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ள ஆட்களாக வந்தார்கள். அவர்களுக்கு ஒருவராவது விடாமல் நின்றிருந்தார். பாட்டி, மாமி, ஆசிரியர், யாரோ ஒருவர். பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பலர் முப்பதுகளில் நிமிர்ந்தார்கள். கலிபோர்னியாவில் 17,000க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 1998 இல் முதலில் வெளியான ஆய்வு, சிறுவயதுக் கொடுமைகள் கூடக் கூடப் பின்னாளில் நோய்களும் கூடுவதைக் காட்டியது. அதை வைத்து ஒரு பிள்ளைக்குப் புள்ளி போட்டுத் தலைவிதி சொல்லக் கூடாது என்று அந்த ஆய்வை நடத்திய ரொபேட் ஆண்டாவே 2020 இல் எச்சரித்தார்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ குழம்பியிருந்தால், பாடசாலையை விட்டு நின்றால், உடம்பில் கீறிக்கொண்டால், சாவைப் பற்றிக் கதைத்தால் காத்திருக்க வேண்டாம். "சும்மா சொல்கிறாள்" என்று விடவும் வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, அதற்குப் பிள்ளையே நேராக எடுக்கலாம். நேர்த்தியும் வையுங்கள், ஓதிப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. அதோடு கிளினிக்குக்கும் போங்கள்.

கதைக்கவே மாட்டேன் என்கிறான். எங்கே தொடங்குவது?

எதிரே உட்காரவைத்து "என்ன பிரச்சினை, சொல்லு" என்று கேட்காதீர்கள், அது விசாரணை. பக்கத்தில் இருந்து கைவேலையாகத் தொடங்குங்கள். இறால் உரிக்கலாம், வலை பொத்தலாம், மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தால் கூட்டிக்கொண்டு போகலாம். முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் வாய் திறக்கும். முதலில் உங்கள் பதினைந்து வயதைச் சொல்லுங்கள், நீங்கள் தோற்ற ஒன்றை. ஒரு உம்மா மகனோடு மூன்று வெள்ளிக்கிழமை இறால் உரித்தா, ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வெள்ளி, சட்டி பாதி நிறைந்திருந்தபோது, அவன் தலையைத் தூக்காமலே, "உம்மா, நான் எட்டாம் ஆண்டில ஏன் பள்ளிக்கூடம் போகாம நின்றேன் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். உம்மா சட்டியைத் தன் பக்கம் இழுக்காமல் உரித்துக்கொண்டே இருந்தாவாம்.